பெமிலா டீச்சருடைய சைக்கிளுக்கு மாலை

மேடையில் வீற்றிருக்கும் நம் சைக்கிள் சங்கத் தலைவர் அவர்களே, நிர்வாகப் பெருமக்களே, தக்கலையின் இந்த மண்டபம் நிறைய வந்திருக்கும் பெற்றோரே, கண் கலங்கி நிற்கும் பிள்ளைகளே, வணக்கம்.

பயிற்சியாளர் பெமிலா டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவரோடு சேர்ந்து இந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜெயசிங் நான். புகழ்ந்து பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஆனால் இனிப்பாகப் பேச இன்று எனக்கு வாய் எழவில்லை.

பெமிலா டீச்சர் என்ன கேட்டார்? பதவி கேட்டாரா? பொன்னாடை கேட்டாரா? பெடலைக் கொஞ்சம் தள்ளி வைக்க விடுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான்! எல்லாருடைய இடுப்பும் ஒரே அகலமா? ஆனால் சங்கம் வாங்கிய சைக்கிள்களில் இரண்டு பெடலுக்கும் நடுவே எல்லாருக்கும் ஒரே அகலம். நம் பிள்ளைகளில் ஒடுங்கிய இடுப்புள்ள லிஜோவுக்கு அது சரி. அகன்ற இடுப்புள்ள அஜிதா அதை மிதித்தால் முழங்கால் முட்டு கோணுகிறது, வலிக்கிறது, மிதிக்கிற பலமும் பாதி வீணாகிறது.

கீரிப்பாறை ஏற்றத்தில் அவள் அழுதுகொண்டே இறங்கி நின்றாள். டீச்சர் குனிந்து பார்த்தார்.

“முட்டு நோவுதா மக்கா? உனக்க காலுல ஒரு குற்றமும் இல்ல. பெடல்தான் உனக்க காலுக்கு வரணும்.”

பெடலுக்கும் அதைத் தாங்கும் கிராங்குக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்தில் ஓர் இரும்புத் துண்டு. இரண்டு பக்கமும் திருகினார். அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் அஜிதா லிஜோவை முந்தினாள்!

சங்கம் என்ன செய்தது? “பொம்பளப் பிள்ளையளுக்க இடுப்ப அளக்கதுதான் கோச்சிங்கா டீச்சரே?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். சங்கத்துச் சைக்கிளில் யாரும் கை வைக்கக்கூடாது என்று துண்டுகளைக் கழற்ற வைத்தார்கள். மாநிலப் போட்டியில் அஜிதா பாதியில் இறங்கினாள். நொண்டி வந்த பிள்ளையைக் கட்டிப்பிடித்து டீச்சர் அழுததை நான் பார்த்தேன். சிரித்தவர்கள் பார்த்தீர்களா?

இன்று மேடையில் டீச்சருடைய சொந்தச் சைக்கிள் நிற்கிறது. பாலிஷ் போட்டு, ரோஜா மாலை போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம். அதிலும் டீச்சர் தன் இடுப்புக்கு ஏற்ப இதே துண்டுகளைத் திருகியிருந்தார். ஆனால் இப்போது பெடலைப் பாருங்கள்! பார்வைக்குத் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அவருடைய துண்டுகளையும் கழற்றிவிட்டீர்களே! அவரால் ஓட்ட முடியாத சைக்கிளுக்கா அவர் பேரில் மாலை? செத்த பிறகாவது அவரை விட்டுவைக்கக் கூடாதா?

துண்டுகள் மேடைக்குப் பின்னால் குப்பையில் கிடந்தன. இதோ, என் கையில்.

தலைவர் அவர்களே, இது சங்கத்துச் சைக்கிள் இல்லை. டீச்சருடைய அம்மா வியாகுலம்மாளிடம் கேட்டுவிட்டேன். “எனக்க மவளுக்க சைக்கிள் பெட்டிக்குள்ள கெடக்க வேண்டாம். அந்தப் பிள்ள அஜிதா ஓட்டட்டு” என்றார்.

டீச்சர் பணியைத் தொடர்வோம் என்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் கைக்கு வேறு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கீரிப்பாறையில் தேர்வுப் போட்டி. அஜிதா, மேல ஏறி வா மக்கா. அந்த மாலையை எடுத்து டீச்சருக்க படத்துல போடு.

ஏலே லிஜோ, ஸ்பேனர எடுத்துட்டு வா.