ஹோமில் இருக்கும் பிள்ளை

ஒரகடத்தில் காஞ்சிபுரம் பஸ் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஒரு புருஷன், பெண்சாதி. தெற்கத்திப் பேச்சு. இரண்டு பேர் கழுத்திலும் கம்பெனி அட்டை தொங்கியது. அவன் சத்தமாகவே கேட்டான்.

“பிள்ளைய ஆண்டவர் நமக்குத் தந்தாரா, கவர்மெண்டுக்குத் தந்தாரா?”

“மெதுவாப் பேசுங்க.”

“ஹோமுல கொண்டு வைக்க அந்தக் குழந்தைகள் நல ஆபீசருக்கு என்ன உரிமை? அவனா பால் காச்சிக் குடுத்து வளத்தான்? நாம அடிச்சமா, பட்டினி போட்டமா?”

“அஞ்சு வயசுப் பிள்ளைய ரூமுல வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போனோம்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் போட்டா என்னட்டி செய்ய? வாடகை வீட்டுக்காரம்மா ஆபீசருக்குப் போன் போட்டதுதான் வினை.”

“போடலன்னா இன்னும் உள்ளதான் கெடந்திருக்கும். ஞானஸ்நானத்தப்ப சபை முன்னால எந்திரிச்சு நின்னு, கர்த்தருக்குள்ள வளப்போம்னு சொன்னோம்லா? ஆபீசர் கேட்டா ஷிப்ட்டுன்னு சொல்லிரலாம். ஆண்டவர் கேட்டா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அதுக்காவ பிள்ளைய விட்டுரச் சொல்லுதியா?”

“எப்படி விடுவேன்? வேலைய விட்டுருதேன்னு இன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட எழுதிக் குடுக்கப் போறேன். நம்மகூட அனுப்பிருவாங்க.”

“பொறவு ஏன் அழுத?”

“போன ஞாயித்துக்கெழம ஹோமுக்குப் போனப்ப, பிள்ள எங்கிட்ட, ‘இங்க வெளையாட நெறைய பேரு இருக்காங்கம்மா, நான் இங்கயே இருக்கட்டுமா’ன்னு கேட்டா.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“நீங்கதான் அன்னைக்கு ஓ.டி.க்குப் போயிட்டீங்களே.”