தோள் மாறிய பட்டை

— சிரிக்காத மச்சான். ஊசியைக் கீழ வெச்சிட்டு இந்தச் சட்டையப் பாரு.

— பாத்துட்டுத்தான் இருக்கேன் மாப்ளே. வெள்ளைச் சட்டை, குறுக்கால கறுப்புப் பட்டை. தூரத்துல பாத்தா அச்சு அசல் சீட் பெல்ட்டு. என் தையலுக்கு என்ன குறை?

— பட்டை இடது தோள்லேர்ந்து இறங்குது. என் வேன்ல டிரைவர் பெல்ட்டு வலது தோள்லேர்ந்துதான் வரும்.

— ஐயையோ...

— ரோட்டுக் கேமரா ஏமாந்துச்சு. சிக்னல்ல நின்ன போலீஸ்காரர் ஏமாறல. "பக்கத்து சீட்டுல உக்காந்துகிட்டா ஓட்டுற"ன்னு கேட்டு, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாரு.

— அபராதமா?

— அது போகட்டும். புதுச் சட்டப்படி இன்னொரு தடவை மாட்டுனா லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. லைசென்ஸ் போனா வேலையும் போச்சு. ஒழுங்கா வலது பக்கம் மாத்தித் தச்சுக் குடு.

— வேன்லயே ஒரு பெல்ட்டு தொங்குது. வண்டி வித்தவன் சும்மா குடுத்தது. சும்மா வந்ததை நீ விடமாட்டியே மாப்ளே.

— வியாபாரம் பேசாத. என் உடம்பு, என் உசுரு. சர்க்காருக்கு என்ன வந்துச்சு? நான் விழுந்தா நான்தானே சாவேன்?

— சாவுறது நீ. ஆஸ்பத்திரி வாசல்ல உக்காரப்போறது நானும் என் தங்கச்சியும். எங்களுக்கும் அதுல ஒரு பேச்சு உண்டுல்ல?

— அதுக்காக மூலைக்கு மூலை கேமராவா? மிரட்டினா புத்தி வந்துருமா?

— வராதுதான். ஆனா அன்பாச் சொன்னா நீ கேக்குறதில்லையே. தங்கச்சி கல்யாணமானதுலேர்ந்து சொல்றா...

— சரி, ஒண்ணு சொல்லு. கை பழகுன ஆளு நீ. தோளு எப்படி மாறுச்சு?

— எதிர்ல நின்னு அளவெடுத்தேன்ல... உன் வலது எனக்கு இடதாத் தெரிஞ்சிருக்கும்.

— அப்போ சட்டைப் பை மட்டும் எப்படிச் சரியா இடது பக்கம் உக்காந்துச்சு?

— நகரு மாப்ளே, அந்த நூல்கண்டை எடுக்கணும்.

— மச்சான்.

— வேணும்னுதான் தச்சேன். ஒரு தடவை போலீஸ்ல மாட்டுனாலாவது நீ நிஜ பெல்ட்டைப் போடுவியோன்னு நினைச்சேன்.

— அடப்பாவி. தங்கச்சி புருஷனையே...

— திட்டு. ஆனா மாட்டுன பிறகும் பட்டையை மாத்தத்தானே வந்திருக்க. அப்படி என்ன பெல்ட்டு மேல வஞ்சம்?

— ... என் தம்பி போனது உனக்குத் தெரியும்ல.

— கார் கால்வாய்ல கவுந்து, தலையில அடிபட்டு, அந்த நிமிஷமே...

— அந்த நிமிஷம் இல்ல. அம்மா தாங்கமாட்டாங்கன்னு அப்படிச் சொன்னேன். பெல்ட்டு போடாத நான் வெளிய வந்துட்டேன். அவன் போட்டிருந்தான். தண்ணி ஏறுது... கொக்கி கழலல. நானும் அழுத்துறேன், அவனும் அழுத்துறான். என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். இதை எந்தக் கேமராகிட்டச் சொல்ல?

— பெல்ட்டால பொழச்சவங்க கதையெல்லாம் இப்போ உன்கிட்ட நான் எடுத்து விடப்போறதில்ல.

— அதெல்லாம் எனக்கும் தெரியும் மச்சான். தெரிஞ்சும் கை போகமாட்டேங்குது.

— இந்தா, இதப் பிடி.

— என்ன, கத்தரியா?

— சின்னதுதான். தடிச்ச நாடாவையும் ஒரே வெட்டுல வெட்டும். கைப்பிடியில கயிறு இருக்கு பாரு, ஸ்டியரிங் பக்கத்துல கை எட்டுற இடத்துல கட்டிக்கோ. கொக்கி கழலலேன்னா கத்தரி இருக்கு. அப்புறம் பெல்ட்டை மாட்டு.

— ... வெட்டுமா?

— உன் சட்டையிலயே வெட்டிப் பாரு. பட்டையோட அந்த முனையை நான் பிடிக்கிறேன்.

— ... வெட்டுது. சரி, மாட்டிப் பாக்குறேன். பாக்குறேன்னுதான் சொல்றேன்... ஆமா, நான் இப்பதானே வாயத் திறந்தேன்? அதுக்குள்ள கயிறு கட்டி எப்படித் தயாரா வெச்சிருந்த?

— நான் எங்க வெச்சேன்? தங்கச்சி காலையிலயே குடுத்துட்டுப் போயிட்டா. தூக்கத்துல நீ "கொக்கி கழலல, கொக்கி கழலல"ன்னு கதறுறியாம். "நான் கேட்டா உடைஞ்சிருவாரு, நீ கேளுண்ணா"ன்னா.