தராசில் ஏறினால் தோளைப் பிடிக்காதீர்கள்

நிகரக் கடனே இல்லை என்று நெஞ்சு நிமிர்த்தி அறிவித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! அதற்குக் கைதட்டிவிட்டு, “என்ன சொன்னாரு?” என்று பக்கத்து நாற்காலியைக் கேட்ட பெரியோர்களே! பங்குப் பத்திரத்தைப் பாத்திரங்களுக்கு நடுவே பத்திரமாய் வைத்திருக்கும் தாய்மார்களே! எடைத் தராசு செய்யும் நம் நிறுவனத்தின் எளிய பங்குதாரன் வணங்குகிறேன்.

நிகரக் கடன் என்றால் என்ன? வாங்கிய கடனில் கையிருப்பைக் கழித்தால் மிஞ்சுவது. கடன் பத்துக் கோடி. ஆண்டின் கடைசி நாளில் வங்கியில் இருந்ததும் பத்துக் கோடி. மிச்சம் பூஜ்யம். ஆகா! கையில் இவ்வளவு இருந்தவர் கடனை அடைக்காமல் ஆண்டு முழுவதும் வட்டி கட்டியது ஏன்? வங்கி மேல் அத்தனை பாசமா?

பணம் வந்த வழியை என் மச்சான் அறிவார். நம் தராசுகளுக்கு ஸ்பிரிங் செய்து கொடுப்பவர். ஆண்டு முடியும் வாரத்தில் பாக்கி கேட்டுப் போனார். காசாளர் நாற்காலி கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், காசோலை மட்டும் கொடுக்கவில்லை.

“கணக்கு முடியட்டும்ணே. இப்பக் குடுத்தா கையிருப்பு குறைஞ்சு, கம்பெனி கடன் எடை கூடிரும்.”

“என் எடை என்னய்யா ஆகறது? பட்டறை ஆளுங்களுக்குச் சம்பளம் போடணும்!”

“இளைச்சா உங்களுக்கும் நல்லதுதானேண்ணே.”

இப்படி அட்டைப்பெட்டிக்காரர் இளைத்தார், லாரிக்காரர் இளைத்தார். கையிருப்பு என்று காட்டிய பத்தில் ஆறு கோடி இவர்களுடையது! வருடாவருடம் இதே வாரம், இதே வைத்தியம். இந்த முறை அந்தப் பணத்தையே நமக்கு ஈவுத்தொகையாகப் பங்கு போடத் தீர்மானம் வந்திருக்கிறது. நிறைவேறினால் மச்சான் அடுத்த மாதம் பட்டறையைப் பூட்டுவார்.

யாரங்கே? “மச்சானுக்காகத்தானே பேசுற?” என்கிறீர்களா? ஆமாம் ஐயா, பேசாவிட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. ஆனால் பட்டறை போனால் ஸ்பிரிங் ஏது? ஸ்பிரிங் போனால் தராசு ஏது? தராசு போனால் உங்கள் பத்திரம் சுண்டல் மடிக்கத் தவிர வேறெதற்கு ஆகும்? “டீ எப்ப வரும்?” என்கிறாரா பின்வரிசை ஐயா? வரும். அதுவும் பாக்கியில்தான் வருகிறது.

மேடையில் அழகுக்கு வைத்திருக்கிறார்களே, நம் தராசு, அதில் தலைவர் ஏறி நிற்கட்டும். என் மச்சானைப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு கையை அவர் தோளில் ஊன்றட்டும். முள் இறங்கும். உடம்பு இறங்குமா? ஊன்றிய கையை எடுத்தால்தானே உண்மை எடை! அதைப் பார்த்த பிறகு மருந்து தேடலாம். பார்க்காமலே விருந்து வைக்கலாமா?

எனக்கும் ஈவுத்தொகை கசக்காது. இருந்தாலும், இதோ, தீர்மானத்துக்கு எதிராக என் கை. அந்தத் தோளில் நம் கையும் இருக்கிறது, பெரியோர்களே, தாய்மார்களே! அங்கிருந்து எடுங்கள், இங்கே உயர்த்துங்கள்!

ஒலிபெருக்கியை இதுவரை அணைக்காத அன்பருக்கு நன்றி. அவருக்கும் பாக்கி இருக்கிறதாம். வணக்கம்.