ராணிக்கு ஏது உத்தரியம்?

— மீசைய எடுத்தது போதாதுன்னு புருவத்தையுமா செரைச்சே? பெத்தவளுக்கே உன்ன அடையாளம் தெரியல்ல, அல்போன்சு.

— ராணி வேசத்துக்குப் புருவத்த மையால வரையணும்மா. நீ பேச்ச மாத்தாத. ராத்திரி நாடகத்துக்கு வருவியா, மாட்டியா?

— மாட்டேன்னு எத்தன மட்டம் சொல்லியது? தள்ளி நில்லு. மீனக் கீறி உப்புல போடணும். வெயிலு இறங்கிட்டுன்னா கருவாடு நாறிப் போவும்.

— ஆறு வருசம் ராணிக்குப் பின்னால நிண்ணு விசிறி வீசினவனாக்கும் நான். வாயத் திறக்காத வேசம். ராணி வேசம் போட்ட தாணுமாலயனுக்குத் தொண்டை கட்டப் போயி, முத்துநாயகம் மொதலாளி என்னப் பிடிச்சு ராணியாக்கினாரு. இப்பம் நாகர்கோயில்ல கொட்டகை கொள்ளல்ல. தமிழ்நாட்டோட சேரணும்னு கூட்டம் போடுற ஆளுவ கூட கூட்டத்த விட்டுட்டு நாடகத்துக்கு வந்து நிக்காவ. இன்னைக்கு நம்ம குளச்சல்ல நாடகம். நோட்டீசுல எனக்க பேர பெரிய எழுத்துல போட்டிருக்கு. பெத்தவ முன்னால வந்து உக்காராண்டாமா?

— உக்காந்து என்னத்தக் கேக்க? எனக்க ஞானதாசன் செத்துப் போனான்னு நீ ஒப்பாரி வைக்கியதக் கேக்கவா?

— ஆரு சொன்னா உனக்கு?

— மீன் வாங்க வந்த செல்லபாய் சொன்னா. 'வியாகுலம், உனக்க மூத்தவன் தம்பிக்க பேரச் சொல்லி மாரடிச்சு அழுதான்டி, எனக்கு ரெண்டு நாளு சோறு இறங்கல்ல'ன்னா. நான் தராசத் தூக்கி எறிஞ்சேன்.

— வேணும்னு செய்யல்லம்மா. அது சரித்திர நாடகம், பாத்துக்கோ. பழைய வேணாட்டு ராணி. அவளுக்க மகன் ஆதித்தன் பறங்கிக் கப்பலுக்கு எதிரா சண்டைக்குப் போறான். ஆளு திரும்பல்ல. வாள மட்டும் கொண்டு வந்து அவ காலடியில வைக்காவ. நான் வாளக் கையில எடுத்து, 'ஆதித்தா! என் குலவிளக்கே! எங்கு சென்றாய்?'ன்னு கேக்கணும். அம்புட்டுதான் பாடம். வாளத் தொட்டேம்மா. அது மரக்கட்டை வாளு. அவனுக்க துடுப்பு கரையில வந்து கிடந்துதுல்லா, அதத் தொட்ட மாதிரியே இருந்துது. வாயில 'ஞானதாசா'ன்னு வந்துட்டு.

— வேணாட்டு ராணிக்கு ஞானதாசன்னு ஒரு மகனா! ஆளுவ சிரிக்கல்லியா?

— ஒருத்தரும் சிரிக்கல்ல. அதுலதான் எனக்குப் பயம் பிடிச்சுது. பாடம் மொத்தமும் மறந்து போச்சு. நம்ம வீட்டுப் பேச்சா வந்துது. 'தண்ணிக்குப் போன மக்கா, தாகத்துக்கு என்னத்தக் குடிச்சே'ன்னேன். 'உத்தரியத்த ஆணியில மாட்டிட்டு வெறுங்கழுத்தோடல்லா போனே'ன்னேன்.

— உத்தரியமா? ராணிக்கு ஏதுலே உத்தரியம்? மாதா படம் வச்சுத் தைச்சுக் கழுத்துல போடுற துணி அவ வீட்டு ஆணியில எப்பிடி வந்துது?

— எனக்கே தெரியல்ல. திரை விழுந்ததும் மொதலாளி ஓடி வந்தாரு. அடிக்கத்தான் வாறாருன்னு நினைச்சேன். எனக்க கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்தினாரு. 'ஒரு எழுத்து மாத்தாதே, தினமும் இதே அழுகை எனக்கு வேணும்'ன்னாரு.

— அப்பம் தினமும் அவனக் கொல்லுறே.

— அவன் போயி ரெண்டு வருசம் ஆச்சும்மா.

— போனவன் வருவான். காத்து அடிச்சுக் கொழும்புல கொண்டு விட்டிருக்கும். இல்லன்னா மாலைத்தீவுல கரை பிடிச்சிருப்பான். தேவகனிக்க மாமன் வரல்லியா, எல்லாரும் கைவிட்ட பிறகு?

— அவரு கட்டுமரத்தோட போனவரு, மரத்தோட வந்தாரு. நம்ம மரம் முறிஞ்சுல்லா வந்துது. மணக்குடியில ஒரு சவமும் ஒதுங்கிச்சு.

— அது எனக்க மகன் இல்ல! பங்குச் சாமியாரு ஆளு விட்டாரு, போனேன், பாத்தேன். முகத்த மீனு தின்ன சவம். எனக்க மகன் இல்லன்னேன். ஆரு பெத்த பிள்ளையோன்னு அங்கனயே அடக்கினாவ. நீ அன்னைக்கு எங்கலே இருந்தே? திருவனந்தபுரத்துல விசிறி வீசிட்டுல்லா இருந்தே?

— நான் வாறது வரை பொறுத்திருக்கலாம். நானும் ஒரு கண்ணு பாத்திருப்பேன்.

— பத்து மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?

— சரி. குளோரிய நினைச்சியா? அவனுக்குன்னு பேசி வச்ச பிள்ளை. நேத்து குருசடிப் பக்கத்துல என்ன நிறுத்தினா. 'அவரு உயிரோட இருக்காருன்னு அத்தை சொல்லுதாவ, நீங்க மேடையில செத்துட்டாருன்னு அழுதிய, நான் ஆர நம்பணும்?'னு கேட்டா. அவளுக்க அப்பன் வேற இடம் பாக்கான். அவ மாட்டேன்னு நிக்கா.

— நிக்கட்டும். அவளாவது நிக்கட்டும்.

— அவனுக்க ஆத்துமாவுக்கு ஒரு பூசை உண்டா இந்த வீட்டுல? நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா? ஆராவது ஒருத்தர் அவனுக்கு அழாண்டாமாம்மா?

— உயிரோட இருக்கியவனுக்கு எந்த ஊருலலே பூசை வைப்பாவ? கேளு மக்கா. நாகர்கோயில்ல அழுதது ராணி. இங்க நீ அழுதா அது எனக்க வீட்டு அழுகை. விடிஞ்சதும் ஊரு மொத்தமும் துட்டி கேக்க வரும். பொம்பளைவ எல்லாம் எனக்க கழுத்தக் கெட்டிப் பிடிச்சு அழுவாளுவ. அப்பம் நான் அவனுக்கு எடுத்து வைக்கிய சோத்த எங்க கொண்டு கொட்டுவேன்?

— சோறா? இன்னுமா வைக்கே?

— உறியில தொங்குது. நீயே பாரு.

— ஏசுவே... கத்தியக் கீழ வைம்மா. வெட்டிக்கிடாத.

— நீ அழமாட்டேன்னு சொல்லு, வைக்கேன்.

— சரி. அவன் பேரச் சொல்லல்ல. ஆதித்தான்னே அழுறேன். எழுதி வச்ச பாடத்த விட்டு ஒரு சொல்லு விலகமாட்டேன்.

— உனக்க மொதலாளி விடுவாரா?

— எப்பிடி விடுவாரு? அந்தப் பேரு போனா வேசமும் போச்சுன்னு சொல்லியாச்சு. தாணுமாலயனுக்குத் தொண்டை சரியாயிட்டு, எப்பம் கூப்பிடுவாவன்னு நிக்கான். நாளைக்கு நான் பழையபடி விசிறிய எடுக்கணும். எடுக்கியேன். ஆறு வருசம் பிடிச்சதுதானே. புருவம் முளைக்கியது வரைதான் கொஞ்சம் வெக்கமா இருக்கும்.

— அது கிடக்கட்டும்லே. வேற ஒண்ணு கேக்கணும்.

— இன்னும் என்னம்மா? அதான் விட்டுட்டேன்னு சொன்னேன்லா?

— நாகர்கோயில்ல நிறைய சனம் கேட்டிருக்குமோ?

— எத?

— அவன் வெறுங்கழுத்தோட போனான்னு நீ சொன்னத.

— கொட்டகை நிறைய ஆளுதான். எதுக்குக் கேக்கே?

— உத்தரியம் போட்டுச் செத்தவன மாதா நரகத்துக்கு விடமாட்டா. போடாமச் செத்தவனுக்கு ஆரு உண்டு? அத்தன சனத்துக்கு முன்னால எனக்க பிள்ளைய நரகத்துலல்லா தள்ளிட்டே, பாவி.

— நான் பொய் சொல்லல்ல. சேதி கேட்டு ஓடி வந்தப்பம் உத்தரியம் அந்த ஆணியில கிடந்துது. இப்பவும் அங்கனயேதான் கிடக்கு, பாரு.

— அது பழசு. அவனுக்க கழுத்துல புதுசு கிடந்துது. ஓரத்துல பச்சை நூலு ஓட்டினது. குளோரி தைச்சுக் கொடுத்தது.

— குளோரி சொன்னாளா?

— அவ வெக்கத்துல ஆருகிட்டயும் சொல்லல்ல. எனக்க கிழிஞ்ச சட்டைக்கும் அவதான் அதே நூல்ல தையல் போட்டுத் தந்தா. அவ கைத்தையல் எனக்குத் தெரியும்.

— நில்லும்மா. நீ கோட்டாத்துத் திருவிழாவுக்குப் போகும்போ அவன் கழுத்துல பழசுதானே கிடந்துது?

— பழசுதான்.

— நீ திரும்பி வருமுன்ன அவன் கடலுக்குப் போயாச்சு. பின்ன அவன நீ பாக்கவே இல்லியே?

— ஏலே, இன்னைக்குப் பேரச் சொல்லியே அழு. ஞானதாசான்னு அழு. குளோரிய முன்னால உக்காத்தி வை, நானும் வாறேன். வெறுங்கழுத்துன்னு மட்டும் சொல்லாத மக்கா.

— அம்மா, அந்தப் புது உத்தரியத்த நீ எங்க வச்சுப் பாத்தே?

— மணக்குடி மணல்ல. உப்பேறி கழுத்தோட ஒட்டிக் கிடந்துது. சாமியாரு கண்ணுல படுமுன்ன துணிய இழுத்து அத மூடிட்டுத்தான், இது எனக்க மகன் இல்லன்னு சொன்னேன்.