சாக்கு

குளிர் இறங்கினால் எனக்குக் குறுக்கு பிடித்துக்கொள்ளும். இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், யாரோ ஆணி அடித்துவிட்டுப் பிடுங்க மறந்துபோன மாதிரி இருக்கும். மீசை முளைக்கும் முன்பே மூட்டைக்குக் கீழே போன முதுகு, அதைக் குறை சொல்ல முடியாது. இப்போது ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றி வைத்துக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடுகிறது. மறுபடி சுடவைக்க எழுந்து போக வேண்டும். எழுந்தால் வலிக்கும். முன்பு இந்தத் தொல்லை இல்லை. நான் தரையில் உட்கார்ந்துதான் எழுதுவேன். சாக்கு வந்து என் முதுகோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்வான். நாயின் சூடு ஆறுவதில்லை.

சாக்கு என் நாய். நீங்கள் அவனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவன் செத்ததைப் படித்து அழுதும் இருப்பீர்கள். அதில் விட்டுப்போன சிலவற்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதற ஒன்றுமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால் உங்களுக்கே நியாயம் புரியும்.

நான் லாரி ஷெட்டில் மூட்டை தூக்கிய காலம். காலிச் சாக்குகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றிலிருந்து எலி மாதிரி என்னவோ விழுந்தது. மிதிக்கக் காலைத் தூக்கிவிட்டேன். கண் திறக்காத நாய்க்குட்டி. சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி துணி கம்பெனியில் நாளெல்லாம் மிஷின் மேல் குனிந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"இது என்ன?"

"சாக்குல கிடந்துச்சு."

"நல்லதாப் போச்சு. எழுத உக்காராம இருக்க உங்களுக்குத் தினம் ஒரு சாக்கு வேணும். இனி வீட்டுலயே ஒண்ணு வளரட்டும்."

சொல்லிவிட்டுத் துணித் திரியைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவன் பின்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும். 'வா' என்றால் வண்டி வரலாம். 'இரு' என்றால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். குரல் கேட்காமல் சக்கரம் அசையக் கூடாது. கை காட்டுவது கூடவே கூடாது. கண்ணாடியில் கை ஒன்று காட்டும், கண் ஒன்று பார்க்கும். இப்படிக் கை காட்டித்தான் ஒருவன் இன்னொருவனின் காலைப் போக்கினான். என் குரலுக்கு அங்கே பெயர் இருந்தது. "நீ நின்னா நாங்க கண்ணை மூடிக்கிட்டே எடுப்போம்" என்பார்கள் டிரைவர்கள்.

சாக்கு என் காலடியில் வளர்ந்தான். யாரும் பழக்காமலே அந்த இரண்டு சொற்களையும் பிடித்துக்கொண்டான். நான் 'இரு' என்றால் உட்கார்ந்துவிடுவான். நான் 'வா' என்று சொல்லும்வரை எழ மாட்டான். ஒருமுறை மருந்துக் கடை வாசலில் அவனிடம் 'இரு' சொல்லிவிட்டு உள்ளே போனேன். யாரோ தெரிந்தவரோடு பேசிக்கொண்டே பக்கத்து வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. "சாக்கு எங்க?" என்று மனைவி கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன். கூரைக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், கொட்டும் மழையில் உட்கார்ந்திருந்தான். அந்த ஒரு முழத்தை அவன் நகரவில்லை. 'வா' என்றேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

முதுகு விட்டுப்போய் ஷெட்டிலிருந்து நின்ற பிறகு முழுநேரமும் எழுதினேன். சுமைகாரர்களைப் பற்றி எழுதினேன். தோல் உரிந்த தோளைப் பற்றி, குடல் இறங்கியும் வேலைக்கு வந்தவனைப் பற்றி எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதுவேன், ஒரு சொல் கூட்ட மாட்டேன். என் எழுத்தில் கலப்படம் இல்லை என்று விமர்சகர் ஒருவர் சொன்னார். அதைப் படித்தவர்கள் அவரும் என் பதிப்பாளரும்தான் என்று நினைக்கிறேன். பதிப்பாளர் நடத்தும் வாரப் பத்திரிகையில் ஒரு வாரம் இடம் நிரம்பவில்லை. சாக்கு தும்மியதைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஊரே படித்தது.

மூட்டை தூக்கினவனின் முதுகு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நாயின் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அதன்பின் வாரா வாரம் அவனைப் பற்றித்தான் எழுதினேன். கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சாக்கையும் அழைத்து வரச் சொன்னார்கள். மேடையில் நான் பேசும்போது எல்லார் கண்ணும் மேசைக்குக் கீழே இருக்கும். நான் பொறாமைப்படவில்லை. நாய் மேல் பொறாமைப்படுகிறவன் மனுஷனா. சோறு போட்டது அவன்தான் என்பதை மறுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வரும் பதிப்பாளர் சிரிப்பார். "'வாங்க'ன்னா திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க 'வா'ன்னா ஓடி வருது. உங்க நாய்க்கு மரியாதை ஒத்துக்கல போலிருக்கே."

பிறகு சாக்கு படுத்துவிட்டான். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்கால்கள் நிற்கவில்லை. கால்நடை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "வயசாயிடுச்சு. இந்த வாரம் தாண்டுறது கஷ்டம்" என்றார். கட்டுரைகளெல்லாம் புத்தகமாக வரவிருந்தன. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

"உங்க வருத்தம் புரியுதுங்க" என்றார் பதிப்பாளர். "ஆனா முடிவு இல்லாம எப்படிக் கொண்டு வர்றது?"

உட்கார்ந்து முடிவை எழுதினேன். நடக்கப்போவதைத்தானே எழுதுகிறேன். சாக்கு என் முதுகுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், நான் அவன் சாவை எழுதிக்கொண்டிருந்தேன். 'பகல் வெளிச்சம் அவன் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பாரம் அவன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. என் மடியில் கிடந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனான்.' நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். பதிப்பாளர் போனில் பேச முடியாமல் வைத்துவிட்டார். அந்த வாரமே பத்திரிகையில் போட்டார். புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினார்.

சாக்கு பிழைத்துக்கொண்டான்.

காலையில் எழுந்து நடந்து வந்து என் மனைவியின் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கித் தின்றான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் தன்னையே நொந்துகொண்டு, "இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடுவான்" என்றார்.

"இன்னொரு பக்கம் எழுதிச் சேத்துடுங்க" என்றாள் மனைவி. "பிழைச்சிட்டான்னு எழுதுங்க. எல்லாரும் சந்தோஷந்தான் படுவாங்க."

அவளுக்குப் புரியவில்லை. என் மடியில் செத்தான் என்று நான் எழுதியாகிவிட்டது. சாகவில்லை என்று எழுதினால், பார்க்காததைப் பார்த்ததாக எழுதினவன் ஆகிவிடுவேன். அப்புறம் அந்தத் தோள், அந்தக் குடல் எல்லாம் எவன் நம்புவான். பதிப்பாளரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "அச்சேறிடுச்சுங்க" என்றார். "இனி புத்தகத்தைத் திருத்த முடியாது, நாயைத் திருத்தினாத்தான் உண்டு." சொல்லிவிட்டுச் சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவரை நான் இதில் இழுக்கவில்லை.

துக்கம் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாக்கைப் பின்னறையில் போட்டுச் சாத்தினோம். ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவர் பூவோடு வந்தார். அழுது முடித்துக் கிளம்ப எழுந்தபோது உள்ளே கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. என்னையறியாமல் 'இரு' என்று அதட்டிவிட்டேன். டீச்சர் அம்மா பொத்தென்று மறுபடி உட்கார்ந்தார்.

"பரவாயில்லப்பா" என்றார் அவர். "துக்கத்துல மரியாதையெல்லாம் பாக்க முடியுமா. இருக்கேன்."

இன்னொரு டீ குடித்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். "தம்பி வீட்டுலயாவது கொண்டுபோய் விடுவோம்" என்றாள். கிழிந்த காதோடு சாக்கின் படம் வாரா வாரம் பத்திரிகையில் வந்திருக்கிறது. எந்தத் தெருவில் விட்டாலும் அடையாளம் தெரியும். டாக்டரிடம் ஊசி கேட்டேன். "நல்லா ஓடுற நாய்க்கு எதுக்குங்க ஊசி?" என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதன்பிறகு அங்கே போகவில்லை.

புத்தகக் கட்டுகள் பதிப்பாளரின் கோடவுனுக்கு வந்தன. ஏற்றி வந்தது என் மச்சினன், மனைவியின் தம்பி. ஷெட்டில் நான்தான் அவனைச் சேர்த்துவிட்டேன். என் குரலைக் கேட்டு வண்டி எடுக்கப் பழகியவன். இறக்கும்போது கூட இருக்கிறேன் என்று போனேன். ஆள் நடமாட்டமில்லாத பின்தெரு வழியாகச் சாக்கையும் கூட்டிக்கொண்டு போனேன். பலநாள் அறைக்குள் அடைந்து கிடந்தவன், கயிறு இல்லாமலே ஒட்டி நடந்து வந்தான். வழியில் ஒரு கம்பம் விடாமல் முகர்ந்தான். நான் அவசரப்படுத்தவில்லை.

மச்சினன் வண்டியைச் சரக்கு இறக்கும் மேடைக்கு நேராக வளைத்து நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"மாமா, கொஞ்சம் பின்னால நின்னு பாருங்க. உங்க பாரத்தை நீங்களே இறக்கினாத்தான் ராசி."

பின்னால் போனேன். வலது பின்சக்கரத்துக்குப் பின்னே, கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் சாக்கை நிறுத்தி 'இரு' என்றேன். உட்கார்ந்தான். நான் விலகி, கண்ணாடியில் தெரிகிற இடத்தில் போய் நின்றேன்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் 'வா' என்று குரல் கொடுத்தால் வண்டி வரும். சாக்கும் எழுந்து என்னிடம் வந்துவிடுவான். என்னிடமிருந்த சொல் ஒன்றுதான், அதற்காகக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர். எனவே நான் வாயைத் திறக்கவில்லை. கையை உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினேன். வண்டி ஒரு நிமிஷம் தயங்கியது. மறுபடி காட்டினேன். மாமாவின் கைதானே என்று எடுத்தான்.

சாக்கு சக்கரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சக்கரம் முழுதாக ஏறவில்லை. ஓடிப்போய் எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். உயிர் இருந்தது. நல்ல வெயில். என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனான். பாரம் என்று நான் உவமையாக எழுதியதும் பொய்யாகவில்லை. அத்தியாயத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மச்சினன் கீழே குதித்து வந்து தலையில் அடித்துக்கொண்டான். "ஏன் மாமா குரல் கொடுக்கல?"

தொண்டை கட்டிவிட்டது என்று சைகையில் காட்டினேன். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குரல் கேட்காமல் வண்டியை எடுத்தது தன் தப்பு என்று உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது ஒரு மில்லில் தரை கூட்டுகிறான். பார்க்கும்போதெல்லாம், "மன்னிச்சிடுங்க மாமா" என்கிறான். நானும் மன்னித்துவிட்டேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

கோடவுனுக்குப் பின்னால் புதைத்தோம். ஏற்கெனவே செத்துவிட்டவன் என்பதால் வெளியே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியீட்டு விழாவில் டீச்சர் அம்மா கடைசி அத்தியாயத்தை வாசித்தார். அரங்கம் மூக்கை உறிஞ்சியது. அன்று முதல்முறையாக எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மனைவி தம்பியைத் தேற்றப் போய்விட்டு ஒரு மாலை திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க சாக்குகிட்ட 'இரு'ன்னு சொன்னது காதுல விழுந்துச்சாம் தம்பிக்கு."

"ஆமா."

"தொண்டை கட்டினவரு அதை எப்படிச் சொன்னீங்க?"

நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "அதுக்கப்புறம்தான் கட்டுச்சு" என்றேன். அவள் செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்பு அந்தக் கதவுக்குப் பின்னால்தான் சாக்கு இருப்பான். இப்போதும் சமைத்து வைக்கிறாள். 'சாப்பிட வாங்க' என்று மட்டும் சொல்வதில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

நான் ஒளிக்கவில்லை. சாக்கை நான்தான் கொன்றேன். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பாளர் கேட்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பொறுமையாகப் படித்துப் பார்த்தேன், முதுகு விண்ணென்று தெறிக்கத் தெறிக்க. பொய்யென்று எதுவும் இல்லை. எல்லாம் நேராகிவிட்டது. சாக்குக்கு மட்டும் நான் ஒரு 'வா' பாக்கி.