பச்சைக் கண்ணாடித்தாள்

— சிவப்ப வைக்காத, பானு. எடு அத.

— கிளிக்கு மூக்கு சிவப்பா இல்லாம வேற எப்பிடிங்க இருக்கும்?

— கிளியே வேண்டாம். எலையா வெட்டு. எல, கொடி, மறுபடி எல. அம்புட்டும் பச்ச.

— மலமேல மாதா கோயிலுக்கு நாலு வருசமா கிறிஸ்மசுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டித் தர்றேன். ஒரே சன்னல்ல இத்தன பச்சைய நான் ஒட்டுனதே இல்ல. கலர்க் கண்ணாடி மாதிரி தெரியணும்னா நாலு கலரு வேணுங்க.

— இங்க என்ன மாதா கோயிலா கட்டுறோம்? வெரசா முடி. நாலு மணிக்கு கன்னையன் அய்யா வந்துருவாரு.

— ஏலக்கா வாங்க வர்ற யாவாரிக்கு சன்னல்ல என்ன அழகு வேண்டிக்கெடக்கு?

— வீட்டுக்கு வர்றவரு... ஒரு மரியாத.

— போன வருசம் அவர ஒடஞ்ச நாற்காலியிலதான் உக்கார வச்சீங்க.

— ஏ புள்ள, கேள்வியக் கொற. கறுப்புச் சார்ட்டக் கொண்டா, நான் வெட்டுறேன்.

— அப்பிடி இல்ல... நூல் கனத்துக்குக் கறுப்ப விட்டு உள்ள வெட்டணும். அந்தக் கறுப்புத்தான் கண்ணாடிய எணைச்ச கம்பி மாதிரி தெரியும். அய்யோ, கைய எடுங்க, பிளேடு!

— கோடு கோணலாப் போகுது.

— ஏன் கோணலாப் போகுது?

— காப்பி குடிக்கல.

— ரெண்டு தடவ குடிச்சீங்க.

— இந்தா பிளேடு, நீயே வெட்டு.

— சரி, தாளத் தூக்கிப் புடிங்க. ஓரத்த இழுங்க, சுருக்கம் விழுது. ம்... ஒட்டிக்கிருச்சு. இந்தா, மேக்குவெயில் உள்ள வந்துருச்சு. யம்மா! உங்க மொகத்தப் பாக்கணுமே!

— என்ன?

— பல்லெல்லாம் பச்ச. வேட்டி பச்ச. செவுரு பச்ச. பாசி புடிச்ச கெணத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கீங்க.

— சிரிக்காத. அந்தக் காய்த்தட்டக் கொண்டா. சன்னலுக்குக் கீழ வையி... இன்னும் தள்ளி.

— ஓ.

— என்ன ஓ?

— ஒண்ணுமில்ல. காய் நல்லாத்தான் இருக்கு. இன்னிக்குத்தான் மலையில ஸ்டோர் அடுப்புச் சூட்டுல காயவச்சு எடுத்த மாதிரி, பச்சப்பசேல்னு... இருங்க, டியூப்லைட்டப் போடுறேன்.

— போடாத!

— ஏன்?

— பகல்ல எதுக்கு லைட்டு?

— ஏங்க... காய் வெளுத்துப்போச்சா?

— ...லேசா.

— எத்தன மூட்ட?

— மூணும்.

— எங்கப்பா வித்துத்தரச் சொல்லி உங்கள நம்பி எறக்கிவிட்ட மூணு மூட்டையுமா?

— கத்தாத. உங்கப்பா ஸ்டோர்லதான் கோளாறு. சூட்டச் சரியா வைக்காமக் காயவச்சிருக்காரு. அதுக்கு நான் என்ன செய்ய?

— எங்கப்பாவா? அடுப்பு எரியுற அன்னிக்குச் சோறுகூட ஸ்டோர் வாசல்லயே உக்காந்து திங்கிற மனுசனா?

— வயசாகுதுல்ல. கண்ணு அசந்திருப்பாரு.

— என்னயப் பாத்துச் சொல்லுங்க.

— அந்தப் பசையக் கொடு. மேல் மூலையில வெள்ள வெளிச்சம் வருது.

— கன்னையன் பெரியப்பா எங்கப்பா காய்ல ஒரு கை அள்ளிப் பாப்பாரு. அம்புட்டுத்தான். மூட்டையக் கொட்டச் சொன்னதே இல்ல. எங்கப்பா பேச்சிமுத்து காயின்னா போடி பூராவும் கண்ண மூடிக்கிட்டு எடுப்பாக. நாளைக்கு அவரு குடோன்ல மூட்டையப் பிரிச்சா யாரு பேருங்க கெடும்? உங்க பேரா?

— அங்க வச்சிருந்ததுல வெளுத்துப்போச்சுன்னு சொல்லிக்கலாம்.

— யாரு சொல்றது? எங்கப்பாவா?

— அஞ்சு நிமிசம், பானு. இந்த வெளிச்சத்துல ஒரு கை அள்ளிப் பாத்துட்டுப் போயிரட்டும். அப்புறம் நடக்குறது நடக்கட்டும்.

— இங்க வாங்க. கதவுகிட்ட, வெளிச்சத்துக்கு வாங்க. இந்தக் காயப் பாருங்க. மேல்பக்கம் வெள்ள, அடிப்பக்கம் பச்ச. இதுவும் அப்பிடித்தான். ஸ்டோர்ல கெட்டிருந்தா ரெண்டு பக்கமும்ல கெட்டிருக்கணும்?

— அந்தக் காயக் கீழ வையி, நேரமாச்சு.

— உங்க அக்கா வீட்டு விசேசத்துக்கு நான் சிலமலைக்குப் போயிருந்த ரெண்டு நாள்ல என்ன நடந்துச்சு?

— ஒண்ணும் நடக்கல.

— ஏங்க...

— மழ. மலமெட்டு எறங்கையில நல்ல மழ. ஜீப்புத் தார்ப்பா கிழிஞ்சு கெடந்துச்சு. மூட்ட நனைஞ்சுபோச்சு.

— அதுக்கு?

— மொட்டமாடில காயப்போட்டேன்.

— வெயில்லயா? ஏலக்காயவா?

— எங்க ஊர்ல மக்காச்சோளம் நனைஞ்சா அதத்தான செய்வோம்! எனக்கு என்ன தெரியும்? மறுநா சாயங்காலம் அள்ளப்போறேன், சாயம்போன சீல மாதிரி கெடக்கு. சத்தியமா தெரியாது பானு. ஏழு வருசமா ஏலத்தோட்டம் வச்சிருக்கிற மலக்காரரு வீட்டு மாப்ள நான். வெளிய தெரிஞ்சா சந்தையே சிரிக்கும். உங்கப்பா சிரிக்கக்கூட மாட்டாரு, ஒரு வார்த்த பேசாம இருப்பாரு. அதுதான்... அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

— அதுக்காகப் பழியத் தூக்கி அவரு மேலயே போட்டீங்க. அதுவும் எங்கிட்ட.

— தப்புத்தான். தப்புத்தான், ஆத்தா... ஏ, ஜீப்புச் சத்தம்! வந்துட்டாரு. கதவச் சாத்து, வெளிச்சம் உள்ள வருது. தட்டு எங்க? தட்டக் கொண்டா!

— கன்னையன் பெரியப்பா வரமாட்டாரு.

— என்ன சொல்ற?

— காலையில நீங்க தாளு வாங்கப் போனப்பவே வந்துட்டுப் போயிட்டாரு. நேத்தே மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டேன். நான்தான் போன் போட்டு வரச்சொன்னேன். வாசல்ல, நல்ல வெயில்ல கொட்டிக் காமிச்சேன். பாத்ததுமே வெயில்ல போட்ட காயின்னு சொல்லிட்டாரு. வெளுத்த காய் வெலைக்கே நாளைக்கு எடுத்துக்கிறேன்னாரு.

— அப்ப... அப்ப எதுக்குடி மத்தியானத்துல இருந்து எங்கூட உக்காந்து ஒட்டுன?

— நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எங்கப்பாவச் சொன்னப்ப எந்திரிச்சுப் போயிரலாமான்னு இருந்துச்சு.

— கன்னையன் இல்லன்னா ஜீப்புல வர்றது யாரு?

— எங்கப்பா. காய் வெளுத்துப்போச்சுன்னு மட்டும்தான் சொன்னேன். ஏன்னு சொல்லல. தான் காயவச்சதுதான் தப்பாப்போச்சுன்னு, மாப்ளகிட்ட மன்னிப்புக் கேக்க வர்றாரு. போயிக் கதவ நீங்களே தொறங்க.