பேக்கா, பேடாவா

தரைக்கடியில் இருக்கிற தண்ணீர் சம்ப்பைக் கழுவுவதற்கு இரண்டு ஆள் வேண்டும், சார். ஒருவர் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும், இன்னொருவர் மேலே நின்று அழுக்குத் தண்ணீரை வாளியில் இழுத்துக் கொட்ட வேண்டும். பதினோரு வருஷமாக இறங்குவது வீட்டுக்காரர் நாராயணப்பன், இழுப்பது நான். அறுபது தாண்டியும் அவரேதான் இறங்குவார். நான் தேய்த்தால் மூலையில் பாசி நிற்கிறதாம். ஏணிக்கால் படுகிற இடத்தையும் தேய்க்க வேண்டும் என்று, இறங்கியதும் ஏணியை மேலே தூக்கிக்கொள்ளச் சொல்வார். அவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர்.

என் பெயர் மாதேஷ், ஊர் சிங்காரப்பேட்டை. ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். தொரப்பள்ளி ரோட்டில் அவருடைய கீழ்வீட்டில் நான், மனைவி சுமலதா, மகள் ஹரிணி மூவரும் இருந்தோம். மாடியில் அவர் தனி ஆள். நாலு வயதில் அங்கே வந்த ஹரிணிக்கு இந்த வருஷம் பத்தாவது பரீட்சை.

தை பிறந்ததும் என்னைக் கூப்பிட்டார். "மாதேஷு, கீழ்வூட்ட கம்பெனி ஆபீசருக்கு வுடணும்ங்கறான் பிரகாஷு. மாசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருப்பா." பிரகாஷ் அவர் மகன், பெங்களூரில் இருக்கிறான்.

"பாப்பாவுக்குப் பரீட்சைங்ணா. முடியட்டும், நானே போயிர்றேன்."

"அவன் கேக்க மாட்டேங்கறான்பா" என்று மாடிக்குப் போய்விட்டார்.

வக்கீல் கமலக்கண்ணனைப் பார்த்தேன். "எழுத்துல நோட்டீசே தரலியே. தண்ணி, கரண்ட்ட நிறுத்தவும் முடியாது, வாடகை கோர்ட்டுக்குப் போகாம உங்கள வெளிய அனுப்பவும் முடியாது. ஒரு கையெழுத்துப் போடுங்க, பரீட்சை வரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றார். நான் போடவில்லை. கையெழுத்துப் போட்டால் வீடு நிற்கும். அந்த நேரத்தில் எனக்கு வீடு மட்டும் போதவில்லை.

காரணம் அந்த டு-லெட் போர்டு. நாங்கள் உள்ளே குடியிருக்கும்போதே கேட்டில் மாட்டினார். பார்க்க வந்த ஒருத்தி சமையல் அலமாரியைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். சுமலதா சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றாள். இன்னொருவன், ஹரிணி துணி மாற்றிக்கொண்டிருந்த அறைக் கதவைத் தள்ளினான். பின்னால் நின்ற நாராயணப்பன், "காத்து நல்லா வரும் சார்" என்றார். தினமும் லேத் முன்னால் நின்று அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹரிணியை டியூஷனில் விட சுமலதா கூடவே போயிருந்தாள். "போனக் குடுங்கணா, நனைஞ்சிரும்" என்று வாங்கிக்கொண்டேன். அவர் இறங்கினார், நான் ஏணியைத் தூக்கினேன். அப்போது அந்தப் போனில் பிரகாஷ் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டு, குனிந்து பிடித்தேன். அப்பாவும் மகனும் கன்னடத்தில்தான் பேசுவார்கள்.

பேச்சு முடிந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, இரும்பு மூடியை இழுத்துப் போட்டுக் கொண்டி மாட்டினேன். சம்ப்புக்குள் விழும் போர்வெல் தண்ணீர் வால்வைத் திறந்தேன். கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுத்து வந்து மூடி மேல் உட்கார்ந்து மடித்தேன். "மாதேஷு, வெளையாடாதப்பா" என்றார். பிறகு தட்டினார். ஹரிணியின் யூனிஃபார்மை மடிக்கும்போது தட்டுவது நின்றது. எழுந்து போய் கேட்டிலிருந்த போர்டைக் கழற்றினேன்.

மறுநாளே சுமலதா வீட்டைக் காலி பண்ணிவிட்டாளாம். யாரும் சொல்லவில்லை, அவளாகவே போய்விட்டாள். ஹரிணி பரீட்சை எழுத மாட்டேன் என்கிறாளாம். அவளுக்காகத்தான் இவ்வளவும் என்று நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள், சார்.

போனில் அப்பா சொன்னதை பிரகாஷ் உங்களிடம் சொல்லியிருக்கிறான். "அவரு மனெ பிடோது பேடா, பரீட்செ முகீலி." அவர்கள் வீட்டை விட வேண்டாம், பரீட்சை முடியட்டும். எனக்கு அது 'பேக்கு' என்று, விட வேண்டும் என்று கேட்டதாகச் சொன்னேன். சம்ப்புக்குள் குரல் முழங்கும். கன்னடம் தெரியாதவன் தப்பாகக் கேட்டு ஆத்திரத்தில் செய்துவிட்டான் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டரும் எழுதிக்கொண்டார். அதையே பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் வக்கீல்.

ஆனால் எங்கள் தெருவுக்குத் தளியிலிருந்து காய் கொண்டு வரும் நாகம்மா, "கொத்தமல்லி பேக்கா, பேடாவா?" என்றுதான் கேட்பாள். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் நான் மாற்றிச் சொன்னதில்லை.

பேடா என்றுதான் கேட்டது, சார். கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மேலே ஏறி வந்தால் அவரே போர்டைக் கழற்றுவார். "காப்பி குடிக்கிறியா மாதேஷு" என்பார். நானும் குடித்துவிடுவேன். அதற்குப் பிறகு அவரை எப்படிக் கொல்வது?